இன்னொரு ரவுண்டு

மூன்று மீட்டர் இறக்கை வைத்த அந்தப் போர் விமான மாடலை அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டினார்கள். ஏற்றுவது அண்ணன், இறக்குவது தம்பி. இரண்டு ரிமோட்டையும் ஒரு ஒயர் இணைத்திருக்கும். அண்ணன் தன் ரிமோட்டில் ஒரு சுவிட்சைத் தட்டினால் விமானம் தம்பியின் கைக்குப் போய்விடும். தம்பி இறக்கிவிட்டு, யாரையும் கேட்காமல் அடுத்த ரவுண்டுக்குத் திருப்பி நிறுத்துவான்.

தம்பி செத்த பிறகு அது ஷெட்டில் கிடந்தது. வாங்க வந்தவர் பறக்கவிட்டுக் காட்டச் சொன்னார்.

"உங்களுக்கு எறக்க வராதே, மாமா," என்றாள் தம்பி மனைவி. "சுக்குநூறாப் போயிடும்."

"போனா பொறுக்கிக்கலாம்."

அண்ணன் ஏற்றினான். சுற்றி வந்து ஓடுபாதைக்கு நேராகத் திருப்பியதும், பழக்கதோஷத்தில் விரல் சுவிட்சைத் தட்டிவிட்டது. தம்பியின் ரிமோட், காரில் உட்கார்ந்திருந்த அவன் மனைவியின் மடியில் இருந்தது. அதில் பேட்டரி இல்லை. ஒயர் அண்ணனின் பாக்கெட்டில் இருந்தது. சுவிட்சைத் திரும்பத் தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை.

விமானம் பஞ்சு போல இறங்கியது.

"வராதுன்னாங்க, பூ மாதிரி எறக்கிட்டீங்களே," என்றார் வந்தவர். "எஞ்சினை அணைங்க, பாத்துடலாம்."

அண்ணன் சுவிட்சைத் தன் பக்கம் தள்ளி, எஞ்சினை அணைக்கப் பார்த்தான். அணையவில்லை. விமானம் நிதானமாக ஓடுபாதையின் தொடக்கத்துக்குப் போய், திரும்பி நின்றது.

"இன்னொரு ரவுண்டு போயிட்டு வரட்டும், மாமா," என்றாள் அவள் காரிலிருந்து. கைகள் இரண்டையும் ரிமோட்டிலிருந்து விலக்கி வைத்திருந்தாள். வேகம் கூட்டும் குச்சி அவள் மடியில் மெல்ல முன்னால் சாய்ந்தது.