மந்திரி தாண்டிய வரிசை

நீங்கள் கால் கடுக்க வரிசையில் நிற்கும்போது ஒருத்தர் நைசாக முன்னால் போய் நுழைந்தால், சும்மா விடுவீர்களா?

பிராக்கன்ஷா ஊரில் யாரும் விட மாட்டார்கள். அதிலும் மேவிஸ் விடவே மாட்டாள்.

அன்று வெள்ளிக்கிழமை சாயங்காலம். நெவிலின் மீன் வறுவல் கடையில் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கே வந்துவிட்டது. சுகாதார மந்திரி டங்கன் ஹோல்ராய்ட் ராஜினாமா செய்து முழுசாக ஒரு நாள்கூட ஆகவில்லை. அதற்குள் புது மந்திரியும் பதவியேற்றாயிற்று. டங்கன் இதே ஊர்க்காரர், இதே தொகுதியில் ஜெயித்துப் போனவர். பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்!

"அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன்னா, எல்லாரையும் போலப் பேரைக் குடுத்துட்டுக் காத்திருக்கணும். மந்திரியே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு முன்னாடி தள்ளச் சொன்னா எப்படி?" என்றார் மேவிஸுக்கு முன்னால் நின்ற ரெஜ்.

"பொண்டாட்டியை ஏமாத்தியிருந்தாக்கூட நான் மன்னிச்சிருப்பேன். வரிசையைத் தாண்டினாரு பாருங்க, அதை மட்டும் மன்னிக்க மாட்டேன்," என்றார் நெவில், தெருவைப் பார்த்த ஜன்னலோர அடுப்பில், மாவில் தோய்த்த மீனை எண்ணெயில் இறக்கியபடி.

"புதுசா வந்திருக்கிற மந்திரியம்மா எப்படியாம்?" என்று கேட்டார் ரெஜ்.

"அந்தம்மாவுக்குத் தாயார் உயிரோட இல்லையாம். நமக்கு அதுவே பெரிய நிம்மதி!"

வரிசையே சிரித்தது. மேவிஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"உங்களுக்கென்ன, சிரிப்பீங்க. எங்க கிளிஃப் முப்பது வருஷம் தெருத்தெருவா நடந்து ஊருக்கே தபால் குடுத்த மனுஷன். இப்போ எங்க வீட்டு வாசல்ல விழற தபாலைக் குனிஞ்சு எடுக்க முடியல. முழங்கால் ஆபரேஷனுக்குப் பதினாலு மாசம் காத்திருந்து, அன்னிக்குக் காலைல பட்டினியாக் கிளம்பிப் போனவரை, 'இன்னிக்கு இல்ல'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஏன்னு இப்பத்தானே தெரியுது! அந்த மகராசி அவர் கட்டில்ல படுத்திருந்திருக்கா!"

"ஐயோ, பாவம் கிளிஃப்," என்றார் ரெஜ்.

"வர்ற வியாழக்கிழமைக்கு மறுபடியும் தேதி குடுத்திருக்காங்க. அன்னிக்கு எந்த மந்திரியோட அம்மா வந்து படுக்கப் போறாளோ!"

"நான் வர மாட்டேன், கண்ணு."

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

மேவிஸ் திரும்பினாள். மழைக்கோட்டுப் போட்ட வயதான பெண்மணி ஒருவர் ஊன்றுகோலில் சாய்ந்து நின்றிருந்தார். சற்றுமுன் "நீங்கதான் கடைசியா?" என்று கேட்டுவிட்டுப் பின்னால் வந்து நின்றவர். பேச்சு மும்முரத்தில் மேவிஸ் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

"திருமதி ஹோல்ராய்ட்!" நெவிலின் கையிலிருந்த இடுக்கி நழுவியது. "நீங்க எதுக்கும்மா அங்க நிக்கிறீங்க? முன்னாடி வாங்க, முதல்ல உங்களுக்குக் கட்டித் தர்றேன்!"

ரெஜ் சட்டென்று ஒதுங்கி வழி விட்டார். முகமெல்லாம் சிவந்துபோய் நின்ற மேவிஸ்கூட, தன்னை அறியாமல் ஓரடி நகர்ந்தாள்.

"பாத்தீங்களா? இப்படித்தான் ஆரம்பிக்குது," என்று சிரித்தார் திருமதி ஹோல்ராய்ட். "யாரும் நகர வேண்டாம்."

பிறகு மேவிஸிடம் சொன்னார்: "சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது, கண்ணு. முறைப்படிதான் கூப்பிட்டிருக்காங்கன்னு நினைச்சுப் போனேன். ஆஸ்பத்திரி கவுனைக்கூட மாட்டி விட்டாச்சு. அப்போ ஒரு நர்ஸுப் பொண்ணு வெள்ளந்தியா, 'பேர் குடுத்து ஏழே வாரத்துல வந்துட்டீங்களே, அதிர்ஷ்டக்காரங்க'ன்னா. எனக்குச் சுருக்குன்னுது. கவுனுக்கு மேலயே கோட்டைப் போட்டுக்கிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துட்டேன்."

"அப்போ ஆபரேஷன்...?"

"ஆகல. என் பழைய இடத்துக்கே போயாச்சு. உங்க வீட்டுக்காரர் எனக்கு ரொம்ப முன்னாடி இருக்கார்."

ரெஜ் ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமென்று, "உங்க பையனுக்கு வேண்டாதவங்க யாரோ பத்திரிகைக்கு எழுதிப் போட்டுட்டாங்க. பாவம்," என்றார்.

"நான்தான் எழுதினேன்."

நெவில் அடுப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

"முதல்ல அவன்கிட்டதான் சொன்னேன், நீயே ஒத்துக்கோடான்னு. 'இதெல்லாம் ஒரு விஷயமாம்மா?'ன்னான். அப்புறம் என்ன பண்றது? ரெண்டு பக்கம் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுத்தான் அனுப்பினேன். என் பேரை அவங்கதான் போடல."

மேவிஸ் விறுவிறுவென்று கடைக்குள் போனாள். நெவிலின் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, திருமதி ஹோல்ராய்ட் நின்ற அதே இடத்தில் போட்டாள். ஓர் அங்குலம்கூட முன்னால் இல்லை.

"இதுல உக்காருங்கம்மா. இது வரிசை தாண்டுறதுல சேராது."

அவர் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மேவிஸின் கையைப் பிடித்துக்கொண்டு, ஊன்றுகோலால் எதிர்ச்சாரியைக் காட்டினார். அங்கே நின்ற காருக்குள், தொப்பியைக் கண்வரை இழுத்து விட்டுக்கொண்டு ஒருவர் குறுகி உட்கார்ந்திருந்தார்.

"நேத்துலேருந்து ஒண்ணும் சாப்பிடல. ஊர் என்ன சொல்லுமோன்னு பயந்துக்கிட்டு இறங்க மாட்டேங்கிறான். உங்களுக்கு நல்ல கணீர்னு குரல் கண்ணு, அவனைக் கொஞ்சம் கூப்பிடுங்களேன். மீன் வேணும்னா வந்து நிக்கச் சொல்லுங்க. கடைசில!"