கொடியில் ஒரு கூடு

ட்ரோன் அனுப்பிய படத்தில், ஏதோ ஒரு வீட்டு பால்கனியின் துணிக்கொடியில் தேன்சிட்டு கூடு கட்டியிருந்தது. பறவைக் கணக்கெடுப்பில் பன்னிரண்டு வருடம் ஊறிய தணிகைவேலன் யோசிக்கவே இல்லை. குஞ்சு பறக்கும்வரை ஐந்து மீட்டருக்குள் மனித நடமாட்டம் கூடாது என்ற உத்தரவைப் பிறப்பித்துவிட்டான்.

மாலையில் வீட்டுக்கு வந்தால், பால்கனியை ஒட்டிய சமையலறைக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் அவன் பெயரோடு அதே உத்தரவு மின்னியது.

மனைவி அமுதவல்லி ஹாலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம வீடுன்னு தெரியலையா?"

"மேலேருந்து பாத்தா எல்லா வீடும் ஒண்ணாத்தான் இருக்கு."

"கொடியில உங்க லுங்கிதானே தொங்குது? ஒரு நாளாவது நீங்க காயப்போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"இனி ரத்து பண்ண எனக்கே அதிகாரம் இல்லையே."

"வேணாங்க, குருவி பாவம். எனக்கு நாலு இட்லி, கெட்டிச் சட்னி. சூடா வாங்கிட்டு வாங்க."

பதினெட்டு நாள் மூன்று வேளையும் ஓட்டலுக்கு நடந்தான். ஒருவழியாகக் குஞ்சுகள் பறந்தன, கதவு திறந்தது.

மறுநாள் ட்ரோன் அந்தத் தெருவைக் கடந்தபோது தன் வீட்டை உடனே கண்டுகொண்டான். கொடியில், அவன் லுங்கிக்குப் பக்கத்தில், அமுதவல்லி தேங்காய் நாரும் இலவம்பஞ்சும் கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணாந்து பார்த்துக் கையும் அசைத்தாள்.