சீதன நாடு

"சோழ ராஜாமார் எப்படி மச்சான் அவ்வளவு நாடு சேர்த்தாங்க?"

"பாதி சண்டையில, பாதி கலியாணத்துல."

"சீதனமா நாடு கொண்டுவந்த ராணி மவுத்தாகி மண்ணுக்குப் போயிட்டா, நாடும் கை மாறிடுமா?"

"ராணிக்குத் தங்கச்சி இருந்தாப் பயமில்ல," என்று, கேள்வி கேட்டவளிடம் சரித்திர மாஸ்டர் ஹமீட் அன்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவே இல்லை.

இன்று, அவளுடைய கணவராக, அவர் தேநீர்க் கோப்பையை நீட்டினார். "நளீபா, உனக்குப் பிடிச்ச இஞ்சிப் பிளேன்டி."

பின்னால் யாரோ வந்து நிற்பதுபோல அவளுக்குக் கழுத்து சில்லிட்டது. இஞ்சி அவளுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. கொழும்புத் தெருவில் கிராண்ட்பாஸ் ட்ராம் கடந்து போனதும் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, கலியாண நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"என் கூடப்பிறந்த நளீபா ராத்தா மவுத்தானதும், சீதன வீடு கை மாறாம இருக்கத்தான் என்னை உங்களுக்குக் கட்டி வெச்சாங்க. அது போகட்டும் மச்சான். ஒருக்காலாவது என்னை என் பேரைச் சொல்லி, லுத்பியா எண்டு கூப்பிடுங்கோ."