முப்பத்து நான்கு நிமிடங்கள்

போன் அலறியது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, அவள் பாய்ந்து எடுத்தாள்.

"வெச்சிடாதீங்க, ப்ளீஸ்! எவ்வளவு பெரிய கஷ்டமா இருந்தாலும் சொல்லுங்க, தீர்த்து வெச்சிடலாம். லைன்லயே இருங்க!"

மறுமுனை ஒரு நொடி தயங்கியது. "கேஸ் சிலிண்டர் எப்போ வரும்மா?"

"சார், இது கணக்கு உதவி எண்..." முடிப்பதற்குள் தொடர்பு அறுந்தது. போனோடு இணைந்த கருவியில் '39 மணி 26 நிமிடம்' அசையாமல் நின்றது.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் போனில் கணக்குச் சொல்லித் தரும் மையம் அது. சொல்லித் தருபவர்கள் சம்பளமில்லாத கல்லூரி மாணவர்கள். பேசிய நேரம் மட்டும்தான் கருவியில் ஏறும். போனை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் ஏறாது.

இருபத்து மூன்று நிறுவனங்கள் அவளை வேண்டாம் என்றுவிட்டன. இருபத்து நான்காவதாக ஒரு காப்பீட்டு நிறுவனம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளச் சம்மதித்தது. ஒரே நிபந்தனை: நாற்பது மணி நேரம் தொண்டு செய்த சான்றிதழ், இன்று மாலை ஐந்துக்குள்.

தவறினால் சித்தப்பாவின் துணிக்கடைதான். "கணக்கு படிச்ச பொண்ணுதானே, கல்லாவுல உட்காரட்டும்" என்று அவர் நாற்காலிக்கு மெத்தைகூடத் தைத்துவிட்டார்.

இன்னும் முப்பத்து நான்கு நிமிடம். ஆனால் பள்ளிகளில் நேற்றோடு பரீட்சை முடிந்துவிட்டது. இனி எந்தப் பிள்ளை கணக்குப் புத்தகத்தைத் தொடும்? காலையிலிருந்து வந்தது அந்தச் சிலிண்டர் ஒன்றுதான்.

பிஸ்கட் பாக்கெட்டோடு தன் அறைக்குப் போய்க்கொண்டிருந்த மேலாளர் அம்மாவை மறித்தாள்.

"மேடம், இந்த ஒரு தடவை நாப்பதுன்னு போட்டுக் கொடுங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்."

"முப்பத்தொன்பதரைகூட ஆகலை, அதை நாப்பதுன்னு எழுதணுமா? நீ என்ன படிக்கிறேன்னு சொன்னே?"

"கணக்கு..."

"அப்போ போய் உட்காரு. ஒரு நிமிஷம் குறைஞ்சாலும் என் பேனா திறக்காது."

கதவு பட்டென்று சாத்திக்கொண்டது. அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்து, சத்தம் வராமல் அழுதாள்.

நான்கு மணி எட்டு நிமிடம். போன்!

"அக்கா, ஏழுல மூணு பங்கு பெருசா, அஞ்சுல ரெண்டு பங்கு பெருசா?" ஒரு சிறுமி எதையோ மென்றுகொண்டே கேட்டாள்.

அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இதுல அவசரமே கூடாதுடா கண்ணு. முதல்ல பங்குன்னா என்னன்னு பார்ப்போமா?"

முப்பத்தைந்து அடிக் கயிறு ஒன்றைப் பேச்சிலேயே எடுத்து, ஏழாக வெட்டினாள், ஐந்தாக வெட்டினாள். ஒன்றில் பதினைந்து அடி வந்தது, மற்றதில் பதினாலு.

"நல்ல கயித்தை எதுக்குக்கா வெட்டணும்? வீணாப் போயிடுமே."

"சரி, வெட்ட வேணாம். காகிதத்துல கட்டம் போடலாம்."

"எங்கிட்ட காகிதம் இல்லையே."

"எடுத்துட்டு வா, நான் காத்திருக்கேன். மெதுவா நடந்தே போ."

பென்சில் சீவப்பட்டது. கட்டம் போடப்பட்டது, கோணலாகிவிட்டதென்று அழிக்கப்பட்டது, மறுபடி போடப்பட்டது. "அப்பவும் புரியலைக்கா" என்றது குரல். அவளுக்கே கொஞ்சம் பயம் வந்தது. இந்தப் பெண்ணுக்குக் கணக்கு சுத்தமாக வராது போலிருக்கிறதே!

கருவி நாற்பதைத் தொட்டது. கூடவே, ஒரு குழந்தையின் தலையில் அரை மணி நேரம் மிளகாய் அரைத்த உறுத்தலும் வந்தது.

"நாளைக்கும் கூப்பிடுடா. உனக்காகவே வர்றேன். புரியற வரைக்கும் விட மாட்டேன்."

"சரிக்கா." போன் அடங்கியது.

மேலாளர் அம்மா வெளியே வந்தார். கருவியை ஒருமுறை பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். நான்கு ஐம்பத்தொன்றுக்குச் சான்றிதழ் மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்தது. 'திங்கட்கிழமை பயிற்சிக்கு வரவும்' என்று உடனே பதிலும் வந்தது.

அவள் மறுபடி அழுதாள். "மேடம், நாளைக்கு ஒரு மணி நேரம் வந்துட்டுப் போறேன். கடைசியா பேசின பொண்ணுக்கு ஒண்ணுமே புரியலை. பாவமா இருக்கு."

மேலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பின்னால் அவர் அறைக்கதவு மெல்லத் திறந்தது. வாயெல்லாம் பிஸ்கட் தூளோடு, அவருடைய மொபைலை நீட்டியபடி ஒரு சிறுமி எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, இனிமேலாவது எனக்கு அந்தக் கணக்கு புரியலாமா?"