கை நீட்டும் நேரம்

கடவுளுக்குக் கீழ்ப்படிவதில் எகிப்தின் மல்லவி நகரிலேயே டீக்கன் நஸீஃபுக்கு நிகரானவர் இன்னும் பிறக்கவில்லை. இதை நகரத்தில் வேறு யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. நஸீஃபேதான் சொல்லிவந்தார்.

அந்த ஞாயிறு அவர் வெள்ளை அங்கியைத் தலைவழியே மாட்டிக்கொண்டிருந்தபோது ஊரார் 'அபூனா' என்றழைக்கும் பாதிரியார் யுஸ்தோஸ் உள்ளே வந்தார். "நஸீஃப், இன்னிக்கு உனக்கு நற்கருணை கிடையாது."

அங்கிக்குள்ளிருந்து தலை வெளியே வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. "எனக்கா, அபூனா? பீடத்துல நின்னு பாடுற எனக்கா?"

"ஆமா. 'ஒருத்தரையொருத்தர் சமாதானமா வாழ்த்துங்க'ன்னு வாராவாரம் நீதான் சத்தமா பாடுறே. ஊரே பக்கத்துல இருக்கிறவன் கையைத் தொட்டு முத்தம் வைக்குது. நீ உன் தம்பிகிட்ட பேசி எத்தனை வருஷமாச்சு? இன்னிக்குக் கீழ இறங்கிப் போய் அவன் கையைத் தொடு. அப்புறம் நற்கருணைக்கு வா."

"தப்பு அவன் மேல, அபூனா."

"யார் மேலன்னு நான் கேக்கல. ஆண்டவரும் கேக்கல. போன்னுதான் சொல்லியிருக்கார்."

தப்பு என்னவென்றால், நாற்காலி. அப்பா இறந்தபோது துக்கம் கேட்க வந்தவர்கள் மூத்தவருக்கான முதல் நாற்காலியில் இருந்தவரின் கையைத்தான் முதலில் பிடித்தார்கள். மூத்தவர் நஸீஃப் தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரம் பார்த்து, தம்பி அனீஸ் அதில் உட்கார்ந்துவிட்டான். ஆயர் வந்ததும் அந்த நேரத்தில்தான்.

அன்றோடு நஸீஃபின் வீட்டில் அனீஸ் என்ற பெயருக்கே இடமில்லாமல் போயிற்று. மனைவி இன்சாஃப் மட்டும் ஒருமுறை துணிந்தாள். "ஏங்க, உங்க தம்பி அவசரமா கெய்ரோ போகணுமாம். கூடப் போக ஆள் இல்லையாம். உங்களைத்தான்..."

"கெய்ரோவைச் சுத்திப் பாக்க ஆசைன்னா தனியா ரயில் ஏறட்டும். அந்த வீட்டுப் பேச்சு இங்க வேணாம்."

அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை. அவருடைய காதுபட ஊரும் பேசவில்லை. ஆனால் தேவாலயத்தில் அனீஸ் கடைசி வரிசையிலிருந்து முன்வரிசைக்கு வந்துவிட்டான். நஸீஃப் வாயைத் திறந்ததும் முகத்தை அவர் பக்கம் திருப்பி, பாட்டு முடியும்வரை இமைக்காமல் முறைத்துக்கொண்டிருப்பான். திமிர் என்று நஸீஃப் முடிவு செய்திருந்தார்.

சரி, கீழ்ப்படிவதென்று ஆகிவிட்டது. அதை ஊர் பார்க்கச் செய்தால் என்ன? நஸீஃப் தோளில் கிடந்த சிவப்புப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, "உன்னை மன்னிச்சுட்டேன், அனீஸ்" என்று தாழ்ந்த குரலில் ஒருமுறையும் கணீரென்று ஒருமுறையுமாகச் சொல்லிப் பார்த்தார். கணீரென்று சொன்னதே நன்றாக இருந்தது.

"லபீப், தாழ்மைன்னா என்னன்னு இன்னிக்குக் காட்டப்போறேன் பாரு" என்றார் பக்கத்து டீக்கனிடம்.

"காட்டுங்க அண்ணே. படியைப் பாத்து இறங்குங்க. போன வாரம் அங்கி தடுக்கிச்சு."

நேரம் வந்தது. நஸீஃப் வாழ்த்துக்கான அழைப்பை வழக்கத்தைவிட நீட்டிப் பாடிவிட்டுப் படியிறங்கினார். அடுத்து வரவேண்டிய பாட்டை லபீப் தட்டுத்தடுமாறி எடுத்தான். பெண்கள் பக்கம் விசிறிகள் நின்றன.

அனீஸ் முன்வரிசையில் தூணோரம் தனியாக நின்றான். நஸீஃப் அவன் எதிரே போய் நின்று கையை நீட்டினார்.

அனீஸ் அசையவில்லை. நீட்டிய கையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முகத்தைப் பீடத்துப் பக்கமே வைத்திருந்தான்.

நஸீஃபுக்குக் காதுமடல் சுட்டது. ஊரே பார்க்கிறது, இவனுக்கு ஒரு கை நீட்டக் கசக்கிறதா? திரும்பிவிடலாம் என்று ஒரு காலைப் பின்னால் எடுத்தும் வைத்துவிட்டார்.

வேதத்தில் 'போ' என்றுதான் சொல்லியிருந்தது. அவன் கை நீட்டினால் போ என்று இல்லை. இத்தனை வருடம் அந்த வசனத்தை வாசித்தவருக்கு இது இப்போதுதான் உறைத்தது.

எடுத்த காலை முன்னால் வைத்தார். குனிந்து, பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த தம்பியின் கையைத் தாமே எடுத்து இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே வைத்துக்கொண்டார். எலும்பும் தோலுமாக இருந்தது. கடைசி நாட்களில் அப்பாவின் கை இப்படித்தான் இருந்தது. ஒத்திகை பார்த்த வார்த்தை நினைவுக்கே வரவில்லை. அந்தக் கையை உதட்டில் வைத்து, ஊர் பார்ப்பதையும் மறந்து அழுதார்.

அனீஸ் திடுக்கிட்டான். பிறகு அவன் முகம் மலர்ந்தது.

"சமாதானம், ஐயா. அழாதீங்க. யாருக்குத்தான் கஷ்டமில்ல?" என்று தடவித் தடவி அவர் தோளைத் தேடித் தட்டிக்கொடுத்தான். "ஒரு உதவி பண்ணுவீங்களா? அங்க பாடுறவர் எங்க அண்ணன். எங்கூடப் பேசமாட்டார். குரலையாவது கேட்டுட்டுப் போகலாம்னுதான் முன்னால வந்து நிக்கிறேன். இப்ப வேற யாரோ பாடுறாங்க. அண்ணன் அங்க நிக்கிறாரா, உடம்புக்கு ஏதும் ஆயிடுச்சான்னு பாத்துச் சொல்லுங்க."

அனீஸ் சங்கடத்தோடு குரலைத் தாழ்த்தினான்.

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க."