பட்டியலிலிருந்து நீங்கிய கடை

"துவரம்பருப்பு?"

"அஞ்சு ரூபா இறங்கியிருக்கு, மேடம்."

அஃப்ரீன் தலை நிமிராமல் கையிலிருந்த டேப்லெட்டில் குறித்துக்கொண்டாள். அடுத்து உளுந்து. அதற்கடுத்து மிளகாய் வத்தல்.

ஃபாஜிலுக்கு உள்ளங்கை வியர்த்தது. அய்யம்பேட்டை கடைத்தெருவில் மளிகைக் கடை போட்டு நாலு வருடம் ஆகிறது. மிளகாய் விலை சொல்ல ஒருநாளும் இப்படி வியர்த்ததில்லை.

மாதாமாதம் இரண்டாவது புதன்கிழமை, காலை பத்தரைக்கெல்லாம் தஞ்சாவூர் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்துவிடுவாள். அரசாங்கத்துக்காக விலை எடுக்கிற வேலை. நாடு முழுக்கப் பொறுக்கி வைத்த கடைகளில் இதுவும் ஒன்று. போன மாதம் கேட்ட அதே சாமான், அதே ரகம், அதே எடை, இன்றைக்கு என்ன விலை? அவ்வளவுதான் கேட்பாள். எதையும் வாங்கமாட்டாள்.

பிறகு ஒருநாள் பேப்பரில் விலைவாசிக் கணக்கு வரும். கேரளத்தில் இவ்வளவு ஏற்றம், பீகாரில் இவ்வளவு இறக்கம், தமிழ்நாட்டில் இவ்வளவு என்று ஒரு பத்தி. ஃபாஜில் அதை நின்றுகொண்டே படிப்பான். அந்தக் கணக்கில் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எண்ணில் நம் கடைப் பூண்டும் ஒரு துளி இருக்கிறது என்று நினைத்துக்கொள்வான். பூண்டைவிட, அதைக் குறித்துக்கொண்ட விரலைத்தான் அதிகம் நினைத்துக்கொள்வான்.

மூன்று வருடமாக அவள் கேட்டாள், அவன் சொன்னான்.

போன மாதம் அவன் கேட்டான்.

ஷார்ஜாவில் பத்து வருடம் உழைத்து இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்ததில் தன் கல்யாணம் தள்ளிப்போய்விட்டது என்றான். அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்து முறிந்துபோனது தனக்குத் தெரியும், அதனால் ஒன்றுமில்லை என்றான். "உங்க வீட்டுக்குப் பேச ஆள் அனுப்பட்டுமா?" என்று கேட்டேவிட்டான்.

புளி மூட்டையைப் பார்த்துக்கொண்டே அவள் "அடுத்த மாசம் வர்றப்போ சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த அடுத்த மாதம்தான் இது.

"தேங்காய் எண்ணெய்?"

"ம்... கூடியிருக்கு. இல்ல, இருங்க." பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்துச் சொன்னான்.

இட்லி அரிசிக்காகக் காத்திருந்த ஆனந்தவல்லி, பக்கத்துத் தெரு இட்லிக் கடைக்காரம்மா, சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, நீ எழுதிட்டுப் போனாத்தான் தம்பி விலையை ஏத்துறாரு. ஒரு மாசம் வராமத்தான் இரேன், பாப்போம்."

எப்போதும் இதற்குச் சிரிக்கிறவள் இன்று சிரிக்கவில்லை.

"தீப்பெட்டி?"

"மாத்தமில்ல."

அதுதான் கடைசி. அவள் டேப்லெட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். ஃபாஜில் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"அடுத்த மாசத்துலேர்ந்து இங்க விலை எடுக்க வரமாட்டேன்" என்றாள். "உங்க கடையைப் பட்டியல்லேர்ந்து எடுத்தாச்சு. நான்தான் எழுதிக் குடுத்தேன்."

இல்லை என்று சொல்லியிருந்தால்கூட மாதம் ஒரு புதன்கிழமை மிஞ்சியிருக்கும். வாயைத் திறந்து அதையும் கெடுத்துக்கொண்டோமே என்று ஃபாஜிலுக்கு இருந்தது.

"நான் கேட்டது தப்புன்னா அதை விட்டுடுங்க மேடம். கடையை எதுக்கு எடுக்கணும்? மூணு வருஷத்துல ஒரு விலைகூட நான் மாத்திச் சொன்னதில்லையே!"

ஆனந்தவல்லி பையைக் கீழே வைத்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அஃப்ரீன் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துத் தராசுத் தட்டின் மேல் வைத்தாள்.

"படிச்சுப் பாருங்க."

சொன்னதும் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள். துப்பட்டா ஓரத்தை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

அது அவள் கொடுத்த விண்ணப்பத்தின் நகல். கடையின் பெயர் இல்லை, எண் மட்டும். அந்தக் கடைக்குப் பதிலாக ரயிலடிப் பக்கம் வேறொரு மளிகைக் கடையைச் சேர்க்கக் கேட்டிருந்தாள். ஓரத்தில் பச்சை மையில் அதிகாரி 'மாற்றலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். கீழே, காரணம் என்ற கட்டத்தில் அவளுடைய கையெழுத்து, இடம் போதாமல் நெருக்கி நெருக்கி:

'இக்கடைக்காரரை நான் திருமணம் செய்துகொள்ள இருக்கிறேன். கணவர் கடையில் நானே விலை எடுப்பது முறையாக இராது.'

ஃபாஜில் ஒருமுறை படித்தான். எழுத்துக்கூட்டி இன்னொருமுறை படித்தான்.

"என்ன தம்பி, ஏதாவது அபராதமா?" என்று ஆனந்தவல்லி பதறினாள்.

அவன் தாளை அவள் பக்கம் திருப்பினான். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டி, உதட்டை அசைத்துப் படித்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், எதிர்க்கடை வாசலில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அடப்பாவி! இதுக்கா இப்படி முழிச்சே? பொண்ணு எவ்வளவு ஒழுங்கா எழுதிக் குடுத்திருக்கு!"

தெருப்பக்கம் பார்த்து நின்றவளின் தோள் குலுங்கியது. அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு மாசமா எனக்குத் தூக்கமில்ல, தெரியுமா?" என்றான் ஃபாஜில்.

"கையெழுத்தாகி வர இவ்வளவு நாள் ஆயிடுச்சு" என்றாள் அவள், திரும்பாமலேயே. "உத்தரவு வராம எப்படிச் சொல்றது?"

அப்போதுதான் அவன் தாளின் மேல்மூலையில் இருந்த தேதியைப் பார்த்தான்.

போன மாதம், இரண்டாவது புதன்கிழமை.

இங்கிருந்து பஸ் ஏறியவள் நேராக ஆபீஸுக்குத்தான் போயிருக்கிறாள்.