வீரய்யா ஏசாத காலை

"வாங்கம்மா, உக்காருங்க," என்றார் வீரய்யா.

கொழுந்துக் கூடையோடு வந்த பேச்சியம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

பொகவந்தலாவை பசாரில் தேத்தண்ணிக்கடை போட்ட நாளிலிருந்து அந்த மனுசன் ஏசாமல் ஒரு கிளாஸ் நீட்டியதில்லை. குடிச்சா எந்திரி, இது என்ன ஒன் லயத்து வீடா என்பார். தோட்டத்துச் சனமும் அதை வாங்கிக் கட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே மலையேறும்.

இன்றைக்குக் கொழும்பிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். ரோட்டு வளைவில் 'அன்பான பசார்' என்று புதுப் பலகை. கடைக்குக் கடை ஒரே பச்சைப் பெயிண்ட். ஊர் அவர்களுக்குப் பிடித்துவிட்டால் பஸ் நிற்கிற இடத்துக்குக் கூரை வரும்.

பசார் சங்கத்து அலோசியஸ் மாஸ்டர் நேற்றே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"வீரய்யாண்ணே, நாளைக்கு ஒங்க வாயிலருந்து ஒரு ஏச்சு வந்துச்சு, மொத வேலையா இந்தக் கடையத்தான் தூக்குவாங்க."

பெயிண்ட் அடித்தா ஒரு ஊர் பிழைக்கும்? வீரய்யா நம்பவில்லை. கூரை தருகிறேன் என்று வந்தவன் எவனும் வோட்டு முடிந்தபின் இந்தப் பக்கம் தலைகாட்டியதில்லை. ஆனால் கடை போனால் கஞ்சி போச்சு. வாயைக் கட்டிக்கொண்டார்.

பேச்சியம்மா தேத்தண்ணியோடு உள்ளங்கையில் வாங்கிய சீனியை நக்கவும் மறந்து அவர் முகத்தையே பார்த்தாள்.

"யாருண்ணே போயிட்டாங்க?"

நாக்கு நுனிவரை வந்த ஏச்சை வீரய்யா விழுங்கினார். விழுங்கியதில் கண் கலங்கிவிட்டது.

அது போதும்.

பசார் முழுக்கச் சேதி பறந்தது. சலூன்காரன் சோலைமலை பாதி சவரத்தில் ஆளை விட்டுவிட்டு ஓடி வந்தான். ஒருத்தி அரிசி கொண்டுவந்தாள், ஒருத்தன் தேங்காய். பெண்கள் கடைவாசலில் வட்டமாகக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தார்கள். எழவு விழுந்த இடத்தில் அடுப்பு எரியக் கூடாதென்று சோலைமலை கொதிக்கிற கேத்தலை இறக்கிவிட்டு நெருப்பில் தண்ணீரை ஊற்றினான்.

அப்போதும் வீரய்யா வாய் திறக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

பெரிய அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு மாஸ்டரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். மாஸ்டருக்கு வேர்த்து ஊற்றியது.

"ஒரு தேத்தண்ணிக்கடைக்காரருக்கு ஊரே கூடுதே, இப்படி ஒரு பசார நான் எங்கயும் பாக்கலங்கிறாரு. செத்தது யாருன்னு கேக்குறாருண்ணே."

யாரும் சாகவில்லை என்றால் கூரையும் போச்சு, கடையும் போச்சு. வீரய்யா தலையைக் குனிந்துகொண்டார்.

"மாமியா," என்றார். "அம்மாக்கண்ணு."

சோலைமலை வாயைப் பிளந்தான். பேச்சியம்மா அதிகாரியைப் பார்த்தாள், கடையைப் பார்த்தாள். அப்புறம் மாரில் ஓங்கி ஒரு அடி அடித்தாள்.

"என்னப் பெத்த ஆத்தா, எங்கள விட்டுப் போயிட்டியே!"

மொத்தப் பசாரும் அவளோடு சேர்ந்து அழுதது. மாஸ்டர்கூட லேஞ்சியை எடுத்துக் கண்ணை ஒற்றினார். அதிகாரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கூரை நிச்சயம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

அம்மாக்கண்ணு செத்துப் பத்து வருசத்துக்கு மேலாகிறது. பஞ்சத்தில் ஊரே பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. அன்றைக்கு இவர்களில் ஒருத்தர்கூட வரிசையை விட்டு அவள் எழவுக்கு வரவில்லை.